அவிழாத முடிச்சுகள்

கேள்வி: கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்து எழுபது ஆண்டு ஆகிவிட்டது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எங்கள் டீக்கடையில் இன்னும் சண்டை ஓயவில்லையே?
- வாசகர், பாம்பன்

பதில்: ஓயக்கூடாது! டீ ஆறலாம், அந்தச் சண்டை ஆறலாமா?

1954-இல் தொடர் முடிந்ததுமே, 'இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார்?' என்று வாசகர்கள் கல்கியைத் துளைத்தெடுத்தார்கள். முடிவுரை எழுதிப் பலருடைய பிற்கதையைச் சொன்னார். கொலையாளியை மட்டும் நம் ஊகத்துக்கே விட்டுவிட்டார். சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டோ சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று சகோதரர்களைத் துரோகிகளாகப் பெயர் சொல்கிறது. ஆனால் ஏவியவர் யார் என்று கல் பேசவில்லை. நமக்கு அடுத்த பாகமே கிடையாது, ஊகம்தான் பாகம்!

கேள்வி: எங்கள் கடலோரத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டா?
- வாசகி, ராமநாதபுரம்

பதில்: பெரிய பங்கு! முதன்மந்திரி அநிருத்தர் கொலுவிருந்தது ராமேசுவரத்தை அடுத்த சிறு தீவில்தானே? வரலாற்றின் இன்னொரு முடிச்சும் உங்கள் எதிர்க்கரையில்தான். சோழரிடம் தோற்றோடிய பாண்டியன் ராஜசிம்மன் தன் மணிமுடியை ஈழத்தில் ஒப்படைத்தான். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் படை அனுப்பியும் அது கிடைக்கவில்லை. ராஜேந்திர சோழன்தான் மீட்டான் என்கிறது அவன் மெய்க்கீர்த்தி. கொள்ளுத்தாத்தா தொடங்கிய தேடல், கொள்ளுப்பேரனின் மகன் கையில் முடிந்தது. ஏறக்குறைய நூறாண்டு 'தொடரும்' போட்ட தொடர்கதை இது. எழுபது ஆண்டுக்கே அலுத்துக்கொள்ளலாமா?