மாப்பிள்ளை டயட்டீஷியன்

புற்றுநோய் வந்த வீட்டில் டாக்டருக்கு அடுத்தபடி அதிகாரம், வாட்ஸ்அப் செய்தியை முழுசாகப் படித்த ஆளுக்குத்தான். மாமனாருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் அந்தப் பதவியில் நானே போய் உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளை சொன்னால் யார் மறுப்பார்கள்?

முதல் வேலையாக இனிப்பை நிறுத்தினேன். சர்க்கரைதான் புற்றுக்குத் தீனியாம். காபிக்குச் சீனி போச்சு, வாழைப்பழம் போச்சு, கூடவே பாலும் முட்டையும் போயின. பதிலுக்குக் கோதுமைப்புல் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம். புற்றுநோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 25 முதல் 30 கலோரியும், 1 கிராமுக்குக் குறையாமல் புரதமும் வேண்டும் என்பது ஊட்டச்சத்து நிபுணர்களின் கணக்கு. கட்டியைப் பட்டினி போடக் கிளம்பிய நான் மாமாவைத்தான் பட்டினி போட்டேன்.

அடுத்து, வடிகட்டிய காய்கறி சூப். இரண்டு டம்ளர் உள்ளே போனால் சோற்றுக்கு இடமிருக்காது. மூச்சு வாங்கும் மனிதருக்கு மென்று விழுங்குவதே பெரிய வேலை. வயிறு நிரம்பினால் மூச்சு இன்னும் முட்டும். அதற்குமேல் தட்டு நிறையச் சோற்றை வைத்து எதிரே காவல் வேறு இருந்தேன்.

"வாயெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி இருக்கு மாப்ளே" என்றார் ஒருநாள். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகள் நாக்கில் அப்படியொரு உலோகச் சுவையைக் கொண்டுவரும். நானோ, அத்தையின் கைப்பக்குவம்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிச் சமையலறையைக் கைப்பற்றினேன். அதன்பிறகு வீடே அத்தையின் சமையலை நினைத்து ஏங்கியது. மாமா தொடாமல் வைத்த புரதக் கஞ்சி வீணாகக் கூடாதே என்று நான் குடித்தேன். எடை கூடியது எனக்கு.

கடைசியில் மருத்துவமனை டயட்டீஷியன் அம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை தானாக இறங்கினால் அதற்குக் கேக்கெக்சியா என்று பெயர். கட்டியும் அதனால் உடம்பில் கிளம்பும் அழற்சியும் சேர்ந்து பசியை அடக்கும், தசையைக் கரைக்கும். சாப்பாட்டை மட்டும் கூட்டி அதை முழுதாகத் திருப்ப முடியாது. மாமாவின் வீம்பு என்று நான் கோபித்துக்கொண்டதெல்லாம் நோயின் வேலை.

பிறகு உலோக ஸ்பூனை மாற்றினோம், மரக்கரண்டி வந்தது. வாடை அடங்க ஆறவைத்த சாப்பாடு, நெய் ஊற்றிய ஒற்றை இட்லி, வேர்க்கடலைச் சட்னி, இடையிடையே அவித்த முட்டை. பாயசமும் திரும்பி வந்தது. அத்தையும் அடுப்படிக்குத் திரும்பினார்.

புற்றுநோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் 30 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. பசி, மூச்சு, தூக்கம் எல்லாம் விசாரிப்பார்கள். தட்டைக் காலி செய்தீர்களா என்று ஒரு கேள்வியும் அதில் இல்லை. நோயும் சிகிச்சையும் குடும்ப வாழ்க்கையைக் குலைத்தனவா என்ற கேள்வி இருக்கிறது. மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

உங்கள் வீட்டிலும் புற்றுநோயாளி ஒருவர் இருந்தால் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 60 கிலோ ஆள் 3 கிலோ இறங்கும்வரை காத்திருக்காமல், சிகிச்சை தொடங்கும்போதே டயட்டீஷியனைக் கேளுங்கள். அதுவரை மாப்பிள்ளையின் போனை வாங்கி வையுங்கள்.