விளையாட்டு நாட்டாமை

எந்த ஊர் சலூனுக்குப் போனாலும் அவர் இருப்பார். முடி வெட்டிக்கொள்ள வந்தவர் இல்லை. வெட்டும்படி தலையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இதெல்லாம் ஒரு விளையாட்டாய்யா?" என்பார். பதில் சொல்லிவிடாதீர்கள். அவர் கேட்கவில்லை, தீர்ப்பு வழங்குகிறார்.

வயது அறுபதைத் தொட்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியதாகச் சொல்வார். கூட ஆடியவர் யாரையும் இதுவரை கண்ணில் காட்டியதில்லை. கடைசியாக அவர் ஓடியது, நிறுத்தத்தில் நிற்காமல் போன ஒரு டவுன் பஸ்ஸின் பின்னால். ஆனால் உலகத்தில் மனிதர்கள் ஆடும் அத்தனை ஆட்டத்துக்கும் தகுதிச் சான்று கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விடிந்திருக்கிறது.

அவருடைய சட்டத்தின் முதல் பிரிவு வியர்வை. "வேர்க்கணும் தம்பி. பனியன் பிழியுற அளவுக்கு வேர்க்கணும். வேர்க்கலைன்னா அது பொழுதுபோக்கு." இந்தப் பிரிவின்கீழ் துப்பாக்கி சுடுதல் அன்றே தள்ளுபடி. கோல்ஃப், பணக்காரன் வாக்கிங். வாள்வீச்சைப் பற்றிக் கேட்டால் சிரிப்பே வந்துவிடும்: "முதுகுல ஒயரை மாட்டிக்கிட்டுக் குத்துறாங்க. கரண்டு போனா யாரு ஜெயிச்சது?" வில்வித்தையில் யாருக்கும் வேர்த்து அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் ராமரையும் அர்ஜுனனையும் உத்தேசித்து அதை விட்டுவைத்திருக்கிறார். ஜல்லிக்கட்டைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அது விளையாட்டு இல்லை, வீர விளையாட்டு. அவருடைய அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது.

செஸ்ஸைச் சொல்லவே வேண்டாம். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது, நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் போல் கறுப்பும் வெள்ளையும் அடித்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிச்சவனுக்குத்தான் வேர்த்திருக்கும்" என்றார். இரண்டு வருடம் கழித்து, டிசம்பர் மாதத்தில், சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். மறுநாள் காலை நாட்டாமை சலூனுக்குள் நுழைந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! என்னவோ கடைசி நகர்த்தலை இவர்தான் காதில் ஓதிவிட்டு வந்தது மாதிரி இருந்தது. "மூளைக்கு வேர்க்கும்யா. வெளியே தெரியாது. அவ்வளவுதான்."

சட்டத் திருத்தம் அப்படித்தான் நடக்கும். முன்தேதியிட்டு, விவாதம் இல்லாமல். கபடியும் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. சடுகுடு என்று பெயர் இருந்த வரைக்கும் அது வேலையில்லாத பசங்கள் முட்டியைப் பேர்த்துக்கொள்ளும் ஆட்டம். 1990-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் சேர்த்தபோதுகூட அவர் அசைந்துகொடுக்கவில்லை. 2014-இல் புரோ கபடி என்று டி.வி.யில் விளக்கு வெளிச்சத்தோடு வந்த பிறகு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

வியர்வைப் பிரிவு இப்படி ஓட்டையானதும் இரண்டாவது பிரிவுக்குத் தாவினார்: ஒலிம்பிக்கில் இருக்கிறதா, இல்லையா? சுலபமான அளவுகோல். அவருடைய போதாத காலம், முறைக்காகக் காத்திருந்த கல்லூரிப் பையன் ஒருவன் கையில் செல்போன் இருந்தது.

"பெரியப்பா, 1920 வரைக்கும் ஒலிம்பிக்ல கயிறு இழுக்குற போட்டி இருந்திருக்கு."

"அதுல வேர்க்கும். நல்ல விளையாட்டு."

"1912-லேருந்து 1948 வரைக்கும் கவிதைக்கும் ஓவியத்துக்கும் பதக்கம் குடுத்திருக்காங்க."

நாட்டாமை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கவிதைக்கா? அப்ப நம்ம ஊரு பட்டிமன்றக்காரங்களை அனுப்பாம விட்டதுதான் தப்பு."

"கிரிக்கெட் 1900-த்துல பாரிஸ்ல ஒரே ஒரு மேட்ச். பிரிட்டனும் பிரான்சும் மட்டும். அதுக்கப்புறம் 2028-லதான் திரும்ப வருது. அப்ப நடுவுல நாம பார்த்ததெல்லாம்?"

கத்தரிக்கோல் சத்தமே நின்றுவிட்டது. 1983 என்ன, 2011 என்ன, தோனி அடித்த அந்த சிக்ஸர் என்ன. அத்தனையும் பையன் கையில் ஊசலாடின. நாட்டாமை நிதானமாகப் பேப்பரை மடித்தார். "கிரிக்கெட்டுக்கு ஒலிம்பிக் பத்தாது தம்பி." இரண்டாவது பிரிவு அத்துடன் ரத்து.

அவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-இலேயே பிரிட்ஜ் சீட்டாட்டச் சம்மேளனத்துக்கு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. 2015-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் இங்கிலாந்துச் சீட்டாட்டக்காரர்கள் எங்களையும் விளையாட்டில் சேருங்கள் என்று வழக்காடித் தோற்றார்கள். மூன்று வருடம் கழித்து ஜகார்த்தா ஆசியப் போட்டியில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் என்ற இரண்டு பேர் அதே பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினார்கள். பர்தனுக்கு அப்போது வயது 60. கோட்டுப் போட்ட நாட்டாமைகளுக்கும் குழப்பம்தான். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, நம்மவர் இலவசம்.

ஜகார்த்தா செய்தியை அவர் அன்று வீட்டுக்கே எடுத்துப் போயிருக்கிறார். முப்பது வருடம் ரயிலில் துண்டை விரித்து ரம்மி ஆடியவர் அல்லவா? வீட்டம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாராம்: "அவங்க மெடல் வாங்கினாங்க. நீங்க வாங்கினது கடன்தானே?" இந்த மேல்முறையீடு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் எந்தப் பிரிவும் பொருந்தாது. கேரம். சலூனுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மன்றத்தில் ஒரு போர்டு கிடக்கிறது. தலைக்கு மேல் தொப்பி போட்ட பல்பு. ஏழு மணிக்கு நாட்டாமை உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்து, போரிக் பவுடரைச் சிட்டிகை எடுத்துத் தூவுவார். உள்ளங்கையால் போர்டை ஒரு வட்டம் தடவுவார். ஸ்ட்ரைக்கரைத் தொடையில் தேய்த்து, கோட்டில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடினால் மன்றத்தில் யாரும் இருமக் கூடாது. ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போடாமல் விட்டால் அதற்குக் காரணம் போர்டு, பவுடர், பல்பு, பக்கத்தில் நின்றவன், அந்த வரிசையில். வேர்க்கிறதா என்று ஒருநாள் யாரோ கேட்டுவிட்டார்கள். "சென்னைக்காரர் மரிய இருதயம் ரெண்டு தடவை உலக சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது. வடசென்னை ஆட்டோ டிரைவர் பொண்ணு காசிமா 2024-இல் அமெரிக்கா போய் மூணு தங்கம். வேர்க்குதான்னா கேக்குற?" பேசி முடிப்பதற்குள் அவருக்கே வேர்த்துவிட்டது. இந்த ஒரு வழக்கில் நான் முழுக்க அவர் பக்கம்.

இப்போது நிலவரம் மாறியிருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம் என்று மருமகன் ஒரு நாள் சொல்லிவைத்தார். அடுத்த வாரமே பேத்தியை ஒரு பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். நாட்டாமைதான் தினமும் ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறார். கையில் ஒரு ஃபைல். பங்கேற்புச் சான்றிதழ்கூட லேமினேஷன் ஆகியிருக்கிறது.

"என்ன விளையாட்டு சார்?"

"வாள்வீச்சு" என்றார், கண் இமைக்காமல். "நம்ம பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கே போய் ஆடிட்டு வந்தாங்களே. ராஜா காலத்து விளையாட்டு தம்பி இது."

"முதுகுல ஒயரு..."

"இன்வெர்ட்டர் இருக்கு."

பேத்தி ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள். கலந்தாய்வுக்கு இன்னும் ஐந்தாறு வருடம் இருக்கிறது. தங்கள் பிள்ளை ஆடும் ஆட்டத்துக்கு அங்கீகாரம் வேண்டுகிறவர்கள் அதற்குள் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். தீர்ப்புகள் தாராளமாக வந்துகொண்டிருக்கின்றன.