முக்கால் பவுன் பதக்கம்

(இந்த வாரம் கேள்விகள் எல்லாம் கழக்கூட்டத்திலிருந்து. டெக்னோபார்க்கில் ஏசி குளிர் அதிகம் போலிருக்கிறது. எல்லோரும் ஐஸ் ஹாக்கியைப் பிடித்துக்கொண்டார்கள்!)

கே: பனிக்கால ஒலிம்பிக் தங்கப் பதக்கம் ஏலத்துக்கு வந்தால் வாங்கிப் போடலாமா?
ப: நகைக்கடைக் கண்ணோடு போகாதீர்கள். 2026 மிலானோ கோர்ட்டினா தங்கப் பதக்கத்தின் எடை 506 கிராம். அதில் தங்கம் வெறும் 6 கிராம், முக்கால் பவுன். பாக்கி அரைக் கிலோவும் வெள்ளி.

கே: பிறகு எதற்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறார்கள்?
ப: அதைக் கழுத்தில் போட்டிருந்தவருக்காக. 1980 லேக் பிளாசிட் பனிக்கால ஒலிம்பிக்கில், பெரும்பாலும் கல்லூரியில் ஆடிப் பழகிய அமெரிக்க இளைஞர்கள், சோவியத் ஐஸ் ஹாக்கி அணியை 4-3 எனச் சாய்த்துத் தங்கம் வரை போனார்கள். அந்த அணியில் இருந்த மார்க் வெல்ஸின் பதக்கம் 2010-இல் 3,10,700 டாலருக்கு ஏலம் போனது.

கே: நாட்டுக்காக வாங்கிய பதக்கத்தை விற்கலாமோ?
ப: அவருக்கு முதுகெலும்பு நோய் இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வளையலை விற்றவரிடம் இப்படிக் கேட்பீர்களா? இன்னொன்று: அந்த ஏலத் தொகை வெல்ஸுக்குப் போகவில்லை. முன்பே அவரிடம் குறைந்த விலைக்கு வாங்கி வைத்திருந்தவருக்குப் போனது.

கே: ஐஸ் ஹாக்கி பனிக்கால ஒலிம்பிக்கில்தானே பிறந்தது?
ப: இல்லை. ஒலிம்பிக்கில் அதை முதன்முதலில் ஆடியதே 1920 ஆண்ட்வெர்ப் கோடைக்காலப் போட்டியில்தான். தங்கம் கனடாவுக்கு.

கே: நம்மவர்களுக்கு ஏதாவது தேறியதா?
ப: தேறியது. 2025 ஜூனில் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். பெரும்பாலோர் லடாக்கைச் சேர்ந்தவர்கள். குளிரில் தானாக உறையும் குளங்களில் ஆடப் பழகியவர்கள். 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என வென்றதுதான் இவர்களின் முதல் சர்வதேச வெற்றி. எட்டே வருடத்தில் பதக்கம்!

கே: கழக்கூட்டத்தில் பனிக்கால வீரர் உருவாக வழியுண்டா?
ப: நம் ஊரில் ஐஸ் சர்பத்தோடு சரி. ஆனால் மலையாளிக்குப் பனி ஆகாது என்று நினைக்க வேண்டாம். லூஜ் வீரர் சிவ கேசவனின் அப்பா தலச்சேரிக்காரர். மகன் லூஜ் சறுக்கு வண்டிக்குச் சக்கரம் மாட்டி, மலைச்சாலையில் பயிற்சி எடுத்தார். 1998 முதல் 2018 வரை ஆறு பனிக்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார்.

கே: கடைசியாக, எந்தப் பதக்கத்தை வாங்கலாம்?
ப: எதையும் வேண்டாம். அந்தக் காசுக்கு ஜனவரியில் லேவுக்கு டிக்கெட் போட்டு, அந்தப் பெண்கள் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வாருங்கள். ஸ்வெட்டர் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். டெக்னோபார்க் ஏசி எல்லாம் அங்கே கணக்கில் வராது.