நாளா, மண்டபமா, பட்டா?

கேள்வி: தையில் மகளுக்குக் கல்யாணம். முதலில் எதைத் தொடங்குவது: நாளா, மண்டபமா, பட்டுப்புடவையா?

பதில்: மூன்றுக்கும் முன்னால் ஒரு நோட்டுப் போட்டு, அழைக்க வேண்டியவர்களை எழுதுங்கள். தலைக்கணக்கு தெரிந்தால்தான் மண்டபம். மார்கழி முழுக்கக் காத்திருந்த வீடுகளெல்லாம் தை முகூர்த்தத்துக்குப் பாயும். அதனால் ஜோசியரிடம் ஒரு நாளோடு எழுந்துவிடாமல் மூன்று நாள் குறித்து வாருங்கள்.

மண்டபத்தில் மேடையைப் பார்த்து மயங்காமல் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போங்கள். பந்திக்கு 200 இலை, வருவது 800 பேர் என்றால் நாலு பந்தி. நாலாவது பந்தியில் பசியோடு நிற்பவர் சம்பந்தியின் மாமாவாக இருந்துவிட்டால், ஆயுசுக்கும் அந்தப் பேச்சுதான்! கைகழுவும் குழாயைத் திறந்து பாருங்கள். பாட்டிக்கு லிஃப்ட் வேண்டும். மண்டபம் பிடித்த அதே வாரம் சமையல்காரருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் அட்வான்ஸ் கொடுங்கள். புடவைக்கு அவசரமில்லை, காஞ்சிபுரம் எங்கும் ஓடிவிடாது. கல்யாணம் முடிந்த 90 நாளுக்குள் அதைப் பதிய வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்றுகளை இப்போதே எடுத்து வையுங்கள்.