எக்ஸ்சேஞ்ச் அம்மா

ஒரு பெட்டி 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்று விமானக் கம்பெனி சொல்வதை எக்ஸ்சேஞ்ச் அம்மா ஓர் அபிப்பிராயமாகத்தான் எடுத்துக்கொள்வார். அபிப்பிராயம் ஆயிரம் பேர் சொல்வார்கள். அதற்காகப் பருப்புப் பொடியைக் குறைக்க முடியுமா?

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னையில் ஜெர்மனோ பிரெஞ்சோ சொல்லிக்கொடுக்கும் பெரிய பள்ளிகளில் வருஷா வருஷம் ஒரு வேன் நிறைய உருவாகிறார்கள். எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு பேர் உண்டு. இருவரும் சேர்ந்து லிஃப்டில் நின்றால் நான் படியேறிவிடுவேன். பையன், 'ஜெர்மன் எடுத்தா மார்க்கை அள்ளலாம்' என்று யாரோ சொன்னதை நம்பி ஆறாம் வகுப்பில் ஜெர்மன் எடுத்தவன். ஒன்பதாவது முடிந்ததும் ஸ்டுட்கார்ட் பக்கத்துப் பள்ளி ஒன்றோடு ஏற்பாடாகும். மே மாதம் இவன் அங்கே போய் ஒரு வீட்டில் மூன்று வாரம் தங்குவான். அக்டோபர் கடைசியில் அந்த வீட்டுப் பையன் இங்கே வந்து தங்குவான். பள்ளிச் சுற்றறிக்கை இதைக் கலாசாரப் பரிமாற்றம் என்கிறது. நடப்பது வேறு. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு அம்மாக்கள், ஆளுக்கொரு பையனை உளவு அனுப்பி, அடுத்தவர் சமையலறையைச் சோதனை போடுகிறார்கள்.

அப்பாவுக்கு இதில் வேலை கொஞ்சம்தான். பணம் கட்ட வேண்டும், நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், விசா சென்டர் வாசலில் ஃபைலோடு வெயிலில் நிற்க வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் அம்மாவின் முழு விசுவரூபம் பெற்றோர் கூட்டத்தில் தெரியும். ஐரோப்பிய யூனியனுக்குள் இறைச்சி, பால் பொருள் எதுவும் பெட்டியில் வரக் கூடாது என்று டீச்சர் சொல்லி முடிப்பதற்குள் கை மேலே போகும்.

"மேம், நெய்?"

நெய்யும் பால்தான்.

"பால்கோவா?"

பேரிலேயே இருக்கிறது.

"கறிவேப்பிலை?"

அதுவும் ஆகாது. பச்சை இலை, காய், பழம் எதுவானாலும் சான்றிதழ் வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து ஐந்தே பழங்களுக்கு விலக்கு: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன். "தேங்காய், பழம் ரெண்டும் போகலாம்னா அர்ச்சனைத் தட்டே கொண்டுபோகலாம் போலிருக்கே" என்று பின்வரிசையில் ஓர் அப்பா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, அம்மாக்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது படிவம். மாணவர் சைவமா என்ற கட்டத்தில் டிக் போட்டாயிற்று. முட்டை சாப்பிடுவாரா? இங்கேதான் பேனா நிற்கும். கேக்கில் இருந்தால் சாப்பிடுவான், தட்டில் இருந்தால் சாப்பிட மாட்டான். இதற்கு ஜெர்மன்காரர்கள் கட்டமே வைக்கவில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி, அம்புக்குறி போட்டு விளக்கினார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. அந்த வீட்டார் அதைப் படித்துவிட்டு என்ன நினைத்தார்களோ, பையன் இறங்கிய அன்று கேக் செய்து வைத்திருந்தார்கள்.

கேக்கோடு முடிந்திருந்தால் தேவலை. முதல் நாள் ராத்திரி, நம் நேரம் பதினொன்றரைக்கு வீடியோ கால். அங்கே எட்டு மணி, ஆனால் ஜன்னலில் வெயில் அடிக்கிறது. ஒன்பது வரை அடிக்குமாம்.

"என்னடா சாப்பிட்டே?"

"ப்ரெட்மா."

"அது டிபன். ராத்திரிக்கு?"

"அதான் ராத்திரிக்கு. ப்ரெட், சீஸ், வெள்ளரிக்காய், தக்காளி."

"சமைக்கலையா?"

"ராத்திரி அடுப்பே பத்த வைக்க மாட்டாங்கம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாவது சண்டையாடா?"

சண்டையெல்லாம் இல்லை. மத்தியானம் சூடாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக முடித்துக்கொள்வது பல ஜெர்மன் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக உள்ள பழக்கம். அப்பா கூகுளில் தேடி இதைப் படித்துக்காட்டினார். பிள்ளை வந்த வீட்டில் அடுப்பு அணைந்திருக்கலாமா என்ற கேள்விக்கு கூகுளிடம் பதில் இல்லை.

அதைவிடப் பெரிய இடி நான்காம் நாள் விழுந்தது. அந்த வீட்டில் ஒரு தடவைதான் கேட்கிறார்களாம். 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா?' என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. வளர்ப்பு சரியில்லை என்று நினைத்துவிடக் கூடாதே என்று இவன் முதலில் 'வேண்டாம்' என்றிருக்கிறான். பாத்திரம் உள்ளே போய்விட்டது. நம் ஊரில் முதல் 'வேண்டாம்' பேச்சுவார்த்தையின் தொடக்கம். அங்கே அது தீர்ப்பு. அன்று நள்ளிரவு போர்வைக்குள் உட்கார்ந்து சத்தம் வராமல் முறுக்குத் தின்ன முயன்றிருக்கிறான். முறுக்கைச் சத்தம் வராமல் தின்ன முடியுமா? அடுத்த அறைப் பையன் கதவைத் தட்டி வந்து, பாதி டப்பாவைக் காலி செய்துவிட்டுப் போனான். சிநேகிதம் அங்கேதான் ஆரம்பம்.

பிறகு வந்தது துடைப்பப் படலம். ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் 'கேர்வோகெ' என்று ஒரு முறை இருக்கிறது. பல வீடுகள் உள்ள கட்டடத்தில் இந்த வாரம் யாருடைய முறையோ அவர்கள் கதவில் ஓர் அட்டை தொங்கும். மாடிப்படி, நடை, வாசல் எல்லாம் அவர்கள்தான் பெருக்கித் துடைக்க வேண்டும். நம் பையன் போன வாரம் அட்டை அந்த வீட்டுக் கதவில். இரண்டு பையன்களும் துடைப்பத்தோடு மாடிப்படியில் நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. "சாப்பிட்ட தட்டை எடுத்து வச்சதில்ல என் பிள்ளை" என்று எக்ஸ்சேஞ்ச் அம்மா கண் கலங்கினார். மாமியாருக்குத் தெரிய வேண்டாம் என்று உத்தரவு போட்டார். அப்பா அதைத் தன் டிபியாக வைத்துக்கொண்டார்.

பையன் திரும்பி வந்த மறுவாரமே அம்மா ஜெர்மனி நிபுணராகிவிட்டார். அசோசியேஷன் கூட்டத்தில் குப்பை பிரிப்பது பற்றி எழுந்து பேசினார்: அங்கே மக்கும் குப்பைக்குப் பழுப்புத் தொட்டியாம், காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை மெஷினில் போட்டால் 25 சென்ட் கைக்கு வருமாம். "இங்க யாராவது காலி பாட்டிலுக்குக் காசு தருவாங்களா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார். "ஏன், டாஸ்மாக்ல பத்து ரூபா தராங்களே" என்றார் பக்கத்திலிருந்த கணவர். பாவம், தகவல் சரியானதுதான். 2022-இல் நீலகிரியில் தொடங்கிய திட்டம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவரில்லை.

அக்டோபரில் ஜெர்மன் பையன் வந்தான். வருவதற்குள் குளியலறைக் கதவு மாற்றியாயிற்று, முள்கரண்டி வாங்கியாயிற்று, ஏசி அறை அவனுக்கு, சொந்தப் பிள்ளைக்கு ஹாலில் பாய். உறவினர்கள் முறை வைத்து வந்து பார்த்தார்கள். மாம்பலத்துப் பெரியப்பா, "நீ மேற்கு ஜெர்மனியா, கிழக்கு ஜெர்மனியா?" என்று கேட்டார். 1990-லேயே இரண்டும் ஒன்றாகிவிட்டதைப் பையன் பணிவாகச் சொன்னான். "அப்படியா, சந்தோஷம்" என்றார் பெரியப்பா, தம்பி வீட்டில் சமாதானம் ஆனதைக் கேட்ட மாதிரி.

விபரீதம் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று அவன் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தட்டு காலியாக இருக்கக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். அவன் மரியாதைக்காகக் காலி செய்தான். இவர் மரியாதைக்காக நிரப்பினார். நான்கு இட்லி ஆறாயிற்று, ஆறு எட்டாயிற்று. 'போதும்' என்ற சொல்லை நம் பையன் கற்றுக்கொடுத்திருந்தான். அழகான உச்சரிப்பில் "போதும்" என்றான். "அடடா, தமிழ் என்னமாப் பேசறான்!" என்று மகிழ்ந்து இன்னும் இரண்டு வைத்தார். கையால் மறைத்துப் பார்த்தான்; விரலிடுக்கில் சாம்பார் வந்தது. கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போனபோது இலையை மடித்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டான். ஆனால் எவர்சில்வர் தட்டை எப்படி மடிப்பது?

2024-இல் தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி வந்ததால் அதையும் பார்த்துவிட்டான். அவன் நாட்டில் பெரிய பட்டாசு வருஷத்தின் கடைசி மூன்று நாள்தான் கடையில் கிடைக்கும், அதுவும் பதினெட்டு வயசு ஆனவர்களுக்கு. இங்கே ஐந்து வயசுப் பொடிசு ஊதுபத்தியோடு லட்சுமி வெடியை நோக்கி நடந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு மட்டுமே வெடிக்கலாம் என்ற அரசு அறிவிப்பை அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி எட்டு அடித்ததும் கையிலிருந்த மத்தாப்பை வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுக் கடிகாரத்தைக் காட்டினான். தெருவில் வேறு யார் வீட்டிலும் கடிகாரம் ஓடவில்லை போலிருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் அம்மா அன்று முழுக்க அந்த வாளியோடுதான் நின்றார். "இவனுக்கு ஒரு கொப்புளம் வந்தாலும் இவங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

அந்த அம்மா பையனிடம் ஒரு பரிசு கொடுத்தனுப்பியிருந்தார். பிரித்தால் எஃகில், நீளக் கைப்பிடி இரண்டும் அடியில் ஓட்டைகளுமாக ஒரு சாமான். மாவைப் போட்டு அழுத்தினால் கொதிக்கிற தண்ணீரில் இழை இழையாக விழுமாம். 'ஷ்பெட்ஸ்லே' என்று அந்தப் பக்கத்துப் பலகாரம். மேலே சீஸும் வதக்கிய வெங்காயமும். எக்ஸ்சேஞ்ச் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடியாப்ப நாழிதானேடா இது?" என்றார். ஆறு மாசமாக மனசுக்குள் நடந்துவந்த வழக்கை அந்த நிமிஷமே வாபஸ் வாங்கினார். பதிலுக்குப் பித்தளையில் தேன்குழல் நாழி ஒன்று, அச்சுகளோடு, பையனின் பெட்டியில் ஏறியது.

ஊர் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் அந்த அம்மாவிடமிருந்து முதல் செய்தி வந்தது. தேன்குழல் நன்றாக வந்திருக்கிறதாம். ஆனால் பையன்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டான். சாப்பாட்டு மேஜையில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். என்ன எதிர்பார்க்கிறான் என்று புரியவில்லையாம்.

இப்போது சின்னவன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான். ஜெர்மனா பிரெஞ்சா என்று பள்ளியில் கேட்கிறார்கள். எதில் மார்க் அதிகம் வரும் என்று அப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார். பிரான்ஸில் ராத்திரி அடுப்பு பற்றவைப்பார்களா என்று அம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.