ரிலீவர் வராத தீவு

கடல் நடுவே தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையைப் பார்ப்பதற்கு மதுரையைவிடப் பொருத்தமில்லாத ஊர் கிடையாது. தீவு என்று காட்ட எங்களிடம் இருப்பது வண்டியூர் தெப்பக்குளத்து மைய மண்டபம் ஒன்றுதான். அதுவும் குளத்தில் தண்ணீர் நின்றால்தான் தீவு. வறண்ட வருஷங்களில் கிரிக்கெட் கிரவுண்டு.

அப்பேர்ப்பட்ட ஊரில், எங்கள் வீட்டுக் கூடத்தில் 'லாஸ்ட்' ஓடியது. 2004 முதல் 2010 வரை அமெரிக்காவின் ஏபிசி சேனலில் வந்து, உலகத்தையே மண்டை காய வைத்த தொடர். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் விமானம் ஒரு தீவில் விழுந்து நொறுங்குகிறது. பிழைத்தவர்கள் பாடுதான் கதை. ஆங்கிலம் புரியாத அப்பத்தாவுக்கும், மில்லில் ரிட்டையர் ஆன பெரியப்பாவுக்கும் நான்தான் கதை சொல்லி. அன்றைக்கு ஓடியது இரண்டாம் சீசனின் மூன்றாம் எபிசோட், 'ஓரியன்டேஷன்'.

காட்டுக்குள் பூமிக்கடியில் ஓர் அறையைப் பிழைத்தவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். உள்ளே டெஸ்மண்ட் என்று ஒருத்தன், ஓர் ஓட்டைக் கம்ப்யூட்டர். 108 நிமிஷத்துக்கு ஒரு தடவை 4, 8, 15, 16, 23, 42 என்று தட்டி பட்டனை அமுக்க வேண்டும். தவறினால் உலகம் அழிந்துவிடுமாம். மூன்று வருஷமாக ராப்பகலாக அமுக்கிக்கொண்டிருக்கிறான்.

இந்த இடத்தில் அமெரிக்காக்காரர்கள் நகத்தைக் கடித்திருப்பார்கள். அப்பத்தா வெற்றிலையைத்தான் கடித்தார். "அந்த நம்பரையெல்லாம் கூட்டுடா" என்றார். கூட்டினேன். 108.

"பெறகென்ன? சாமி கணக்கு. பெருமாள் கோயிலு நூத்தியெட்டு, ஆஞ்சநேயருக்கு வடைமாலை நூத்தியெட்டு, விழுந்து கிடந்தா வர்ற ஆம்புலன்சு நூத்தியெட்டு. அமுக்கட்டும், நல்லதுதான்."

ரசிகர்கள் வருஷக்கணக்கில் ஆராய்ந்த மர்மத்தை அப்பத்தா ஒரு கொட்டைப்பாக்கு கரைவதற்குள் முடித்துவிட்டார்.

பெரியப்பாவின் கவலை வேறு. அந்த அறையில் பழைய பயிற்சிப் படம் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் நமஸ்தே சொல்லி, 540 நாள் வேலை பார்த்தால் மாற்று ஆள் வருவார் என்கிறார். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு வருஷம்னா ஆயிரம் நாளுக்கு மேல ஆச்சேடா. ரிலீவர் வரலையா?"

"வரல பெரியப்பா. கூட இருந்த ஆளும் செத்துட்டான்."

"அப்ப டபுள் டூட்டி! ஓ.டி. போட்டாய்ங்களா?"

போடவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவருக்கு அந்தத் தீவில் பேய், மர்மம் எதுவும் தெரியவில்லை. தொழிலாளர் பிரச்சினை மட்டுமே தெரிந்தது. மூன்று ஷிப்டு ஓடும் மில்லில் ரிலீவர் வராமல் மெஷினை விட்டு நகரக்கூடாது; எதற்காக ஓடுகிறது என்று கேட்கவும் கூடாது. பெரியப்பா ஆயுசு முழுக்கப் பார்த்த உத்தியோகத்தைத்தான் அவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து, ஹவாயில் போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள்.

அதற்குள் கைகலப்பில் துப்பாக்கி வெடித்து, குண்டு கம்ப்யூட்டரில் பாய்கிறது. டெஸ்மண்ட் எடுத்தான் ஓட்டம். ரிப்பேர் பார்க்க, பிழைத்தவர்களில் ஒருவனான சயீத் வருகிறான். கதைப்படி அவன் ஈராக்காரன். நடித்த நவீன் ஆண்ட்ரூஸ் லண்டனில் பிறந்தவர். அப்பா அம்மா கேரளம். "நம்ம தேனி தாண்டுனா அவுக ஊருதான்" என்று அப்பத்தா உறவு கொண்டாடினார். பெரியப்பா ஆச்சரியப்பட்டது வேறொன்றுக்கு: "கூப்பிட்டதும் வந்துட்டான் பாரு! நம்ம எலக்ட்ரீசியன் 'இந்தா வந்துட்டேண்ணே'ன்னு சொல்லி எத்தனை நாளாச்சு?"

கடைசியில், பிழைத்தவர்களில் டாக்டரான ஜாக்குக்கும் லாக் என்ற பெரியவருக்கும் சண்டை. இதெல்லாம் சும்மா ஏமாற்று என்கிறார் ஜாக். நம்பி அமுக்கு என்கிறார் லாக். அறிவியலா, நம்பிக்கையா என்று எழுதிக் குவித்தார்கள் விமர்சகர்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கே எடுபடவில்லை. புது வண்டி வாங்கினால் இன்சூரன்ஸும் போடுவோம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைப்போம். எதனால் வண்டி பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாராவது ஒன்றை நிறுத்திப் பார்ப்பார்களா?

ஜாக் கடைசி நொடியில் அமுக்கிவிடுகிறார். உலகம் பிழைத்தது. முதல் ஷிப்டை நானே பார்க்கிறேன் என்று லாக் முன்வந்ததும், அவருடைய தியாகத்தைக் குரல் தழுதழுக்கத் தமிழில் சொன்னேன்.

பெரியப்பா சிரித்தார். "தியாகமாவது! விவரமான ஆளுடா அவன். முதல் ஷிப்டைத் தான் எடுத்துக்கிட்டு, முழு நைட்டை அந்த டாக்டர் தலையில கட்டிட்டான் பாரு."