பாறையிடம் லைசன்ஸ் கேட்டீர்களா?

ஊவா மாகாணத்து வீதிகளில் உயிருக்கு மிகவும் ஆபத்தான பொருள் எது என்பதைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு சில்லு, ஒரு பெட்டரி, சத்தம் வராத ஒரு மோட்டர். கரண்ட் பைக்! டவுனுக்குள் நுழையும் வளைவில் மரநிழல் பார்த்து நிற்கும் போக்குவரத்துப் பொலிஸார், கல் ஏற்றி வரும் டிப்பருக்கு வழி விடுகிறார்கள். புகை கக்கிக்கொண்டு அதை முந்தும் தனியார் பஸ்ஸுக்கும் வழி விடுகிறார்கள். இரண்டுக்கும் பின்னால் பயந்து பயந்து வரும் இந்தச் சின்ன வண்டியைப் பார்த்ததும் கை உயர்கிறது. நம்பர் எங்கே? சாரதி அனுமதிப்பத்திரம் எங்கே? இன்சூரன்ஸ் எங்கே? வருமான அனுமதிப்பத்திரம் எங்கே? ஹெல்மெட் பட்டியை ஏன் மாட்டவில்லை?

கேள்விகள் எல்லாம் சரியானவைதான். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், இயந்திர விசையால் ஓடுவதை மோட்டார் வாகனம் என்கிறது. அந்த விசை பெற்றோலில் பிறந்ததா பெட்டரியில் பிறந்ததா என்று அது ஜாதகம் பார்ப்பதில்லை. வண்டி பதிவாக வேண்டும், ஓட்டுகிறவர் அனுமதி பெற வேண்டும், மூன்றாம் தரப்புக் காப்புறுதி வேண்டும். பதிவில்லாத வண்டி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையை இடித்துவிட்டால் அந்தப் பிள்ளையின் முறிந்த காலுக்கு எந்தக் காப்புறுதிக் கம்பனியும் ஒரு சதம் தராது. "நம்பர் வேண்டாம், லைசன்ஸ் வேண்டாம், இப்போதே ஓட்டிக்கொண்டு போகலாம்" என்று சொல்லி விற்ற வியாபாரி அன்றைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பார். அவரைப் பிடிக்கக் கடைக்குள் ஏற வேண்டும், ரசீதைப் பார்க்க வேண்டும், யார் இறக்குமதி செய்தது என்று கேட்க வேண்டும். வாங்கியவனைப் பிடிக்க வீதியில் நின்று கையைத் தூக்கினால் போதும்.

உலகமும் இந்த வண்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நின்றுகொண்டு ஓட்டும் மின்-ஸ்கூட்டரை வாடகைக்கு விடலாமா என்று பாரிஸ் நகரில் 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பே வைத்தார்கள். வந்து வாக்களித்த கொஞ்சப் பேரில் பத்துக்கு ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள். செப்டெம்பரோடு அவை தெருவை விட்டுப் போயின. சிங்கப்பூர் 2019 நவம்பரில் நடைபாதையில் அவற்றுக்குத் தடை போட்டது. இந்தியாவில் 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீற்றருக்கும் உட்பட்டவற்றுக்குப் பதிவு வேண்டாம் என்று கோடு கிழித்திருக்கிறார்கள். பாரிஸ்காரரும் சிங்கப்பூர்க்காரரும் நடைபாதை யாருக்குச் சொந்தம் என்று சண்டை போடுகிறார்கள். நாம் அந்தச் சண்டைக்குக்கூடத் தகுதி பெறவில்லை. அதற்கு முதலில் நடைபாதை வேண்டும். அதற்கும் முதலில் பாதை வேண்டும்.

இந்த வண்டி மலை ஏறி வந்த கதையையும் அதற்குள் மறந்துவிட்டோம். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. ஷெட்டில் இரவு பகலாக வரிசை, பிறகு கியூஆர் கோட், அதற்கும் ஒரு வரிசை. நாட்டை வங்குரோத்தாக்கியவர்கள் பெற்றோல் தர முடியாமல் நின்றபோது பெட்டரியைத் தேடிப் போனவன்தான் இன்றைக்குச் சந்தேகநபர். மின்சாரமாவது ஒழுங்காகக் கிடைத்ததா? அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். ஓகஸ்டில் கட்டணத்தை 75 வீதம் கூட்டினார்கள், அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதுதான் காரணம் என்று வலுசக்தி அமைச்சர் அறிவித்தார். குரங்கு அரச ஊழியர் அல்லாதபடியால் ஒழுக்காற்று விசாரணைக்கு வழியில்லாமல் போய்விட்டது.

பசறைக்கு மேலே ஒரு தோட்டம், அதில் மேல் டிவிஷன். பெயரை விட்டுவிடுவோம், எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அங்கே முன்பள்ளி டீச்சராக இருக்கும் ஒரு பிள்ளையிடம் கரண்ட் பைக் ஒன்று உண்டு. அம்மா முப்பது வருடம் கொழுந்தெடுத்து ஓய்ந்தபோது கைக்கு வந்த ஈ.பி.எஃப். காசில் வாங்கியது. இரவில் பெட்டரியைக் கழற்றி லயத்துக் காம்பராவுக்குள் தூக்கிப் போவாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரு கதவு, ஒரு பிளக். காற்றோட்டமான இடத்தில், படுக்கும் இடத்துக்குத் தள்ளி வைத்து சார்ஜ் செய்யுங்கள் என்று பெட்டியோடு வந்த தாளில் போட்டிருக்கிறது. தள்ளி வைத்தால் அடுத்த வீட்டுக் காம்பராவுக்குள் போய்விடும். அடுப்பு, பாய், பாட்டி, பெட்டரி நான்கும் ஒன்றாகத் தூங்குகின்றன. தீப்பிடித்தால் வெளியே ஓடப் பாட்டியின் கால்மாட்டில் இருக்கும் அந்த ஒரு கதவுதான்.

காலையில் இறக்கம். இதில் ஒரு நுட்பமான கொடுமை இருக்கிறது. நல்ல வண்டிகளில் சரிவில் இறங்கும்போது மோட்டரே எதிர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கும், அப்படிப் பிறக்கும் மின்சாரம் திரும்பப் பெட்டரிக்குள் போகும். பெட்டரி நிறைந்திருந்தால் போக இடமில்லை, மோட்டரும் பிடியை விட்டுவிடும். தோட்டத்தில் லயம் மேலே, டவுன் கீழே. நிறைச் சார்ஜோடு புறப்படுகிறவளுக்கு மைல் கணக்கான சரிவில் பிரேக்கைத் தவிரத் துணையில்லை. பிரேக் சூடேறிக் கை வலிக்க வலிக்கப் பிடித்தால் மெல்ல வழுக்கும். அப்போது இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே இறங்குவாள். பிரேக்கைவிடச் செருப்பு சீக்கிரம் தேய்ந்துபோகிற வண்டி உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும்.

அவள் இறங்கும் தளத்தைப் பாதை என்று எழுதினால் பாதைகள் மானநஷ்ட வழக்குப் போடும். வெள்ளைக்காரன் காலத்தில் பதித்த கருங்கல், அதன்மேல் எப்போதோ ஒரு தேர்தலுக்குப் பூசிய தார், தார் போன இடத்தில் மழைத் தண்ணீர் அறுத்த வாய்க்கால். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. நமுனுகுலைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கினால் ஐந்து அடிக்கு அப்பால் நாய் நிற்கிறதா கல் கிடக்கிறதா தெரியாது. மாலையில் ஏற்றம். ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீற்றர் என்று பெட்டியில் ஒட்டியிருந்த கணக்குச் சமதரைக் கணக்கு. மலை அந்த ஸ்டிக்கரை வாசிப்பதில்லை. பாதி வழியில் பெட்டரி செத்துவிடும், இவள் தள்ளிக்கொண்டு ஏறுவாள். அந்த நேரத்தில் பார்த்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். பார்வைக்கு இழுவைமாடு யார் என்பதில் சந்தேகமே இல்லை.

இந்தப் பாதை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், மாகாணமே தலையைச் சொறியும். நிலம் அரசாங்கத்தினது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள், பிறகு நீண்டகாலக் குத்தகை எழுதினார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று 31 வருடம் கையை விரித்தார்கள். தோட்டத்துச் சனம் வாக்குப் போட்டுச் சபையை உண்டாக்கலாம், அந்தச் சபை தோட்டத்து வாய்க்காலுக்கு ஒரு கல் போடக் கூடாது! 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பட்டாசு வெடித்தது, படம் எடுத்தார்கள், வாய்க்கால் அப்படியே கிடக்கிறது. இப்போது சபையிடம் கேட்டால் சட்டம் இருக்கிறது, நிதி இல்லை என்கிறார்கள்.

ஆக, குழியை மூடச் சொன்னால் அது தோட்டத்துச் சொந்தப் பாதை. அந்தக் குழியைத் தாண்டி வருகிறவளை மறிக்கும்போது மட்டும் அது பொதுப் பாதை.

மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் ஆண்டான 1951 என்றதும் எனக்கு இன்னொரு பதிவு நினைவுக்கு வருகிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1949இன் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டால் "பதிவுப் பிரஜை" ஆகலாம் என்றார்கள். தாத்தாமார் படிவம் நிரப்பிக் கைரேகை வைத்துக் காத்திருந்தார்கள்; பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடி. அதே காலத்தில்தான் மோட்டார் வண்டிகளுக்கான இந்தச் சட்டம் வந்தது. தோட்டத்துக் கொழுந்து லொறிக்குப் பதிவு கிடைத்தது, நம்பர் கிடைத்தது, உரிமையாளர் பெயர் புத்தகத்தில் ஏறியது. அதில் மூட்டை ஏற்றியவனுக்குக் கிடைக்கவில்லை. லொறி நாட்டுக்குச் சொந்தக்காரன், மனிதன் பதிவில்லாத வாகனம். அவனுடைய பேத்தியைத்தான் இன்றைக்கு மறித்து, "பதிவு எங்கே?" என்று கேட்கிறீர்கள்.

2021 மார்ச் 20ஆம் திகதி காலை லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ், பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது பதினான்கு பேர் செத்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். மேலிருந்து சரிந்த ஒரு பாறை வீதியில் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. எதிரே டிப்பர், மிஞ்சிய ஒடுங்கலில் பஸ். அந்த வீதி ஏ-5, பேராதனையில் தொடங்கிச் செங்கலடி வரை போகும் பெருந்தெரு. நடுவீதியில் நின்ற அந்தப் பாறையிடம் யார் லைசன்ஸ் கேட்டார்கள்? அதற்கு நம்பர் இருந்ததா, இன்சூரன்ஸ் இருந்ததா, இரவில் பின்விளக்கு எரிந்ததா? நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு ஒரு தண்டப் பத்திரமாவது எழுதி அதன் முதுகில் ஒட்டினீர்களா? கரண்ட் பைக்கை அரைக் கிலோமீற்றருக்கு அப்பாலேயே கண்டுபிடிக்கும் கண்களுக்கு ஒரு பாறை தெரியவில்லை. சாவு விழுந்த பிறகு அது நாடறிந்த பாறை ஆனது.

2024 நவம்பர் 1ஆம் திகதி துன்ஹிந்தைப் பக்கம் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பஸ் புரண்டது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் வந்த பஸ் பாதுகாப்பு வேலியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. 15 பேர் போனார்கள். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, வீதி இருந்த சில இடங்களில் மண்மேட்டையும், சில இடங்களில் பள்ளத்தையும் வைத்துவிட்டுப் போனது. ஒவ்வொன்றுக்கும் அனுதாபச் செய்தி வந்தது, மூன்று மொழியிலும் வந்தது. இதில் எதிலும் கரண்ட் பைக் சம்பந்தப்படவில்லை. அது பெருங்குறைதான், இருந்திருந்தால் விசாரணையை அன்றைக்கே முடித்திருக்கலாம்.

சட்டப்படி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பது நல்ல புத்திமதி. எடுக்க எவ்வளவு பாடு என்று பார்ப்போம். மருத்துவச் சான்றிதழுக்கு ஒரு நாள், எழுத்துப் பரீட்சைக்கு ஒரு நாள், ஓட்டிக் காட்ட ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும்; 2026 வரவு செலவுத் திட்டத்தில் சொன்ன கணக்கில் ஒரு பேர் 1,750 ரூபாய், அதிலும் 200 ரூபாய் ஒழுங்காக வேலைக்கு வந்தவருக்கு மட்டும். எல்லாம் முடிந்தபின் அட்டை அச்சடிக்க அட்டை இல்லை என்று தற்காலிகத் தாளைக் கையில் கொடுத்த காலத்தையும் கண்டோம். வெளிநாட்டவருக்கோ 2025 ஓகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே சாரதி அனுமதிக்குக் கருமபீடம் திறந்தாயிற்று. எல்லவின் வளைவுகளைக் கண்ணால் கண்டிராதவர் பெட்டியை எடுக்கும் நேரத்தில் அனுமதியை எடுத்துவிடுகிறார். அந்த வளைவுகளை வெட்டியவர்களின் வம்சத்தை நாளை வா என்கிறார்கள்.

நான் ஒரு யோசனை சொல்கிறேன். வண்டியைப் பதிவதோடு நின்றுவிடாமல் பாதையையும் பதிவோம். ஒவ்வொரு தோட்டத்துப் பாதையின் வாயிலிலும் ஒரு நம்பர் பலகை, உரிமையாளர் பெயர், கடைசியாகத் தார் போட்ட திகதி, வருடா வருடம் தகுதிச் சான்றிதழ், விழுந்து செத்தவருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி. படிவத்தைக் கொண்டுபோனால் தோட்டத்து மனேஜர், இது பிரதேச சபை வேலை என்பார். சபை, மாகாணத்தைக் கேள் என்னும். மாகாணம், எங்களுக்கு சி, டி தரப் பாதை மட்டும்தான் என்னும். வீதி அபிவிருத்தி அதிகார சபை, ஏ, பி தவிர வேறு எழுத்தே தெரியாது என்று சத்தியம் செய்யும். உரிமையாளர் என்ற கட்டம் வெறுமையாகவே நான்கு அலுவலகம் ஏறி இறங்கும். ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார்.

கையெழுத்துக் கட்டாயம் வேண்டுமென்றால் படிவத்தை அந்தப் பிள்ளையின் பைக்கில் ஒட்டி, டவுன் வளைவு வரை அனுப்பிப் பாருங்கள். பேனா தயாராக இருக்கும்.